ஜனவரி 30-க்கு ஒரு வரி போதாது
‘வரலாற்றில் இன்று’ பகுதியைத் தொகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பு நண்பர்களே,

நாளிதழின் ஒரு மூலையில், வானொலியின் காலை நிகழ்ச்சியில், பள்ளிக்கூட அறிவிப்புப் பலகையில் என்று நாள் தவறாமல் ‘வரலாற்றில் இன்று’ எழுதி வருகிறீர்கள். அந்த வேலையின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. பாடப்புத்தகத்துக்கு வெளியே வரலாறு என்று ஒன்று இருப்பதைப் பல பிள்ளைகள் முதலில் தெரிந்துகொள்வது உங்கள் பத்து வரிகளில்தான். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அதை வாசிக்கிற மாணவி, போட்டித் தேர்வுக்காக நோட்டில் எழுதிவைக்கிற இளைஞர், காப்பியோடு படிக்கிற ஓய்வு பெற்ற பெரியவர் எல்லோரும் நீங்கள் எழுதியதை அப்படியே நம்புகிறார்கள். நம்புகிறவர்கள் இத்தனை பேர் இருப்பதால்தான் உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்க வந்திருக்கிறேன்.

ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்கிறேன். ஜனவரி 30. நமக்கு அது காந்தி சுட்டுக் கொல்லப்பட்ட நாள். காலை 11 மணிக்கு அலுவலகங்களில் எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌனம் காக்கிறோம், தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கிறோம். அதே தேதியில் பிரிட்டனின் வரலாற்றில் நடந்தவை என்று பட்டியல்களில் வழக்கமாக வருபவை இவை: 1607, பிரிஸ்டல் கால்வாயில் பெருவெள்ளம். 1649, முதலாம் சார்லஸ் மன்னரின் தலை வெட்டப்பட்டது. 1661, ஆலிவர் கிராம்வெல்லின் பிணம் தூக்கில் தொங்கவிடப்பட்டது. 1965, சர்ச்சிலின் இறுதிச் சடங்கு. 1969, பீட்டில்ஸ் குழுவின் மொட்டை மாடிக் கச்சேரி. 1972, வட அயர்லாந்தில் 13 பேர் பலி.

எந்த வரியிலும் பொய் இல்லை. ஆனால் இப்படி அடுக்கும்போது, ஆறு நிகழ்ச்சிகளும் தற்செயலாக ஒரே தேதியில் வந்து விழுந்தவை என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். உண்மை அப்படி இல்லை. இவற்றில் சில தாமாக அந்த நாளில் அமைந்தவை. ஒன்று, வேண்டுமென்றே நாள் பார்த்துச் செய்தது. இன்னொன்றின் தேதியே கணக்குப் போட்டு மாற்றியது. கடைசி வரியோ அந்த நாளோடு முடியவே இல்லை.

சார்லஸிலிருந்து தொடங்குகிறேன். நாடாளுமன்றத்தோடு நடந்த போரில் தோற்று, விசாரிக்கப்பட்டு மரண தண்டனை பெற்ற மன்னர் அவர். 1649 ஜனவரி 30, செவ்வாய்க்கிழமை. லண்டனில் கடுங்குளிர். குளிரில் உடம்பு நடுங்கினால், பயத்தில் நடுங்குவதாக ஜனங்கள் நினைத்துவிடுவார்கள் என்று மன்னர் இரண்டு சட்டை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். காலையிலேயே அவரை வைட்ஹால் அரண்மனைக்கு நடத்திக் கூட்டிவந்துவிட்டார்கள். ஆனால் தலை வெட்டப்பட்டபோது பிற்பகல் இரண்டு மணி. இடைப்பட்ட நேரத்தில் நாடாளுமன்றம் அவசரமாக ஒரு சட்டம் நிறைவேற்றிக்கொண்டிருந்தது. அரசர் இறந்த கணமே அவருடைய வாரிசு அரசராகிவிடுவார் என்பது அந்நாட்டு முறை. அப்படி எவரையும் அரசராக அறிவிக்கக் கூடாது என்று தடை போடாமல் தலையை வெட்டினால், ஒரு சார்லஸை இறக்கி இன்னொரு சார்லஸை ஏற்றியதாகத்தான் ஆகும்.

கொலைமேடை அந்த அரண்மனையின் விருந்து மண்டபத்துக்கு வெளியே தெருவில் அமைந்திருந்தது. மன்னர் அந்த மண்டபத்தின் வழியாக நடந்துதான் மேடைக்குப் போனார். மண்டபத்தின் கூரையில் ரூபன்ஸ் தீட்டிய ஓவியங்கள் இருந்தன. சார்லஸின் தந்தை முதலாம் ஜேம்ஸ் விண்ணுலகுக்கு உயர்த்தப்படுவதைச் சித்திரிக்கும் அவற்றை வரையச் சொன்னவர் சார்லஸேதான். அரசனின் அதிகாரம் கடவுளிடமிருந்து நேராக வருவது, அதை எந்த மனிதரும் கேள்வி கேட்க முடியாது என்ற நம்பிக்கையின் படம் அது. விசாரணையிலும் அவர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். என்ன அதிகாரத்தில் என்னை விசாரிக்கிறீர்கள் என்று கேட்டாரே தவிர, குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல மறுத்துவிட்டார். மரண ஆணையில் 59 பேர் கையெழுத்துப் போட்டார்கள். வெட்டியவர் முகமூடி அணிந்திருந்தார். அவர் யார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. அந்தக் கூரை ஓவியம் இன்றும் அதே இடத்தில் இருக்கிறது.

இப்போது 1661-க்கு வாருங்கள். சார்லஸின் மகன் இரண்டாம் சார்லஸ் 1660-ல் திரும்பிவந்து அரியணை ஏறிவிட்டார். மன்னரை வீழ்த்திய தரப்பின் தலைவர் கிராம்வெல் 1658-லேயே இறந்து, வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அரச மரியாதையோடு அடக்கமானவர். அவருடைய உடலையும், அவருடைய மருமகன் ஐர்ட்டனின் உடலையும், சார்லஸை விசாரித்த நீதிமன்றத்தின் தலைவர் பிராட்ஷாவின் உடலையும் தோண்டி எடுக்க நாடாளுமன்றம் உத்தரவிட்டது. தோண்டி எடுத்தவுடனே தூக்கில் போட்டுவிடவில்லை. ஜனவரி 30-க்காகக் காத்திருந்தார்கள். மன்னர் தலை விழுந்து சரியாக 12 ஆண்டு நிறைந்த நாளில் மூன்று பிணங்களையும் டைபர்ன் தூக்கு மரத்தில் ஏற்றி, பொழுது சாயும் வரை தொங்கவிட்டு, பிறகு இறக்கித் தலைகளை வெட்டினார்கள். தலைகளைக் கம்பத்தில் குத்தி வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் உச்சியில் நட்டார்கள். சார்லஸுக்கு மரண தண்டனை விதித்த அதே மண்டபம். கிராம்வெல்லின் தலை அங்கே இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வெயிலிலும் மழையிலும் இருந்தது. பிறகு கைமாறிக் கைமாறி, காட்சிப் பொருளாகி, கடைசியில் 1960-ல்தான் அவர் படித்த கேம்பிரிட்ஜ் சிட்னி சசெக்ஸ் கல்லூரியில் அடக்கமானது. துல்லியமாக எந்த இடம் என்று அங்கே குறி வைக்கவில்லை.

1649, 1661 இரண்டையும் தனித்தனி வரியாகப் போடும்போது, இரண்டாவது நிகழ்ச்சி முதலாவதற்குக் கொடுத்த பதிலடி என்பது காணாமல் போகிறது. வென்றவர்கள் ஒரு தேதியைத் தங்களுக்குச் சொந்தமாக்கிக்கொண்ட கதை அது. அதோடு நிற்கவும் இல்லை. ஜனவரி 30-ஐ நோன்பு நாளாக்கினார்கள். 1662-ல் வந்த இங்கிலாந்துத் திருச்சபையின் பிரார்த்தனை நூலில் ‘தியாகி சார்லஸ்’ நினைவாகத் தனி வழிபாடே சேர்க்கப்பட்டது. 1859-ல் நீக்கும்வரை ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஒவ்வொரு ஜனவரி 30 அன்றும் கோயில் பீடங்களிலிருந்து, அரசனை எதிர்ப்பது பாவம் என்ற பிரசங்கம் ஒலித்தது. இங்கிலாந்தில் பிறந்த பிள்ளைக்கு எட்டுத் தலைமுறை வரை இந்தத் தேதி இப்படித்தான் கற்பிக்கப்பட்டது. ஒரு நாளை நினைவு நாளாக்குவது எவ்வளவு பெரிய அரசியல் வேலை என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. உங்கள் பகுதியில் இதற்கு இடம் கொடுங்கள்.

தேதியைப் பற்றியே ஒரு செய்தி. 1607 வெள்ளத்தையும் 1649 மரண தண்டனையையும் ஒரே நாளில் போடுகிறோம். இரண்டும் ஒரே காலண்டர்படி அல்ல. அக்காலத்தில் இங்கிலாந்து பழைய ஜூலியன் காலண்டரைப் பின்பற்றியது. கத்தோலிக்க ஐரோப்பாவின் பெரும்பகுதி புதிய கிரிகோரியன் காலண்டருக்கு மாறிவிட்டிருந்தது. 17-ஆம் நூற்றாண்டில் இரண்டுக்கும் இடையே 10 நாள் வித்தியாசம். போதாக்குறைக்கு, இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு பிறந்தது மார்ச் 25-ல். வேல்ஸ் கரையோரக் கிராமமான கோல்ட்கிளிஃபின் தேவாலயச் சுவரில் ஒரு சிறிய பித்தளைத் தகடு இருக்கிறது. வெள்ளம் அந்தத் தகட்டின் விளிம்பு மட்டம் வரை ஏறியதென்றும், அந்த ஊரில் 22 பேர் மூழ்கி இறந்தார்கள் என்றும் அதில் பொறித்திருக்கிறார்கள். தகட்டில் உள்ள தேதி 1606 ஜனவரி 20. நம் கணக்குக்கு மாற்றினால்தான் அது 1607 ஜனவரி 30 ஆகும். கரையோரம் முழுக்கச் சுமார் 2,000 பேர் இறந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. புயலோடு உயர் ஓதம் சேர்ந்துவந்த விளைவு என்று பெரும்பாலோரும், சுனாமி என்று சில ஆய்வாளர்களும் சொல்கிறார்கள்.

அதே மாற்றத்தைச் சார்லஸுக்கும் செய்தால் அவர் இறந்த நாள் பிப்ரவரி 9 ஆகிவிடும். அவருடைய மரண ஆணையிலோ ஆண்டு 1648 என்று இருக்கிறது. வெள்ளத்துக்கு மாற்றிய தேதி, மன்னருக்கு மாற்றாத தேதி என்று இரண்டையும் ஒரே பட்டியலில் சேர்த்திருக்கிறோம். இங்கிலாந்து 1752-ல் காலண்டரை மாற்றியபோது செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 ஆனது. அதற்கு முந்தைய ஆங்கிலேய நிகழ்ச்சி எதையும் மாற்றாத தேதியில் கொடுத்தால் அடைப்புக்குள் ‘பழைய காலண்டர்’ என்று இரண்டே சொல் சேர்த்துவிடுங்கள். 1606 ஜனவரி 30-ல் லண்டன் செயின்ட் பால் தேவாலய வளாகத்தில் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கச் சதி செய்தவர்களில் நான்கு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அதுவும் பழைய காலண்டர்படிதான். நான்கு நூற்றாண்டுகளாக அதே சதியில் சேர்ந்த கய் ஃபாக்ஸின் பேரைச் சொல்லும் நாம், அவருக்கு முந்திய நாள் செத்த இந்த நால்வரை மறந்தே விட்டோம்.

சர்ச்சில் இறந்தது 1965 ஜனவரி 24, ஞாயிறு. இறுதிச் சடங்கு அடுத்து வந்த சனிக்கிழமை. அந்த நாள் தானாக அமைந்தது. ஆனால் இடம் பழைய இடம்தான். சார்லஸுக்குத் தண்டனை விதிக்கப்பட்ட, கிராம்வெல்லின் தலை நட்டுவைக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில்தான் சர்ச்சிலின் உடலும் வைக்கப்பட்டது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் குளிரில் வரிசையில் நின்று கடந்துபோனார்கள். செயின்ட் பால் தேவாலய வழிபாட்டுக்குப் பிறகு பெட்டி தேம்ஸ் நதியில் படகில் சென்றபோது, கரையில் நின்ற சரக்குக் கிரேன்கள் ஒவ்வொன்றாகத் தலை தாழ்த்தின. இதே சர்ச்சில் கடற்படை அமைச்சராக இருந்தபோது ஒரு போர்க்கப்பலுக்குக் கிராம்வெல்லின் பெயரை வைக்க விரும்பினார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் மறுத்துவிட்டார். சார்லஸ் தலை போய் 260 ஆண்டு கடந்த பிறகும் அரண்மனை அதை மறக்கவில்லை.

தமிழில் எழுதும் நீங்கள் இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். காந்தியை அரை நிர்வாணப் பக்கிரி என்று 1931-ல் இழித்துப் பேசியவர் சர்ச்சில். 1943 வங்காளப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் செத்தபோது பிரிட்டனின் பிரதமர் அவர். காந்தியின் நினைவு நாளும் சர்ச்சிலின் சவ ஊர்வல நாளும் ஒன்றாக வரும் பட்டியலில், இருவரையும் ‘தலைவர்கள்’ என்று ஒரே அளவில் எழுதிவிட்டுப் போவது நேர்மையாகாது.

பீட்டில்ஸ் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1969 ஜனவரி 30 மதியம், சேவில் ரோ மூன்றாம் எண் கட்டடத்தின் மொட்டை மாடியில், குளிர்காற்றில் 42 நிமிடம் வாசித்தார்கள். கீழே கூட்டம் சேர்ந்தது, போலீஸ் மேலே ஏறிவந்தது, கச்சேரி முடிந்தது. நால்வரும் சேர்ந்து பொதுவெளியில் வாசித்தது அதுவே கடைசி. இந்த வரியை எடுத்துவிடாதீர்கள். வரலாறு என்றால் அரசர்களும் பிணங்களும் மட்டுமே என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது.

இனி 1972. நான் இந்த மடலை எழுதியதே பெரும்பாலும் இந்த ஒரு வரிக்காகத்தான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் ஆயிரக்கணக்கான மக்கள் ஊர்வலமாகப் போனார்கள். விசாரணையே இல்லாமல் ஆட்களைப் பிடித்து அடைத்துவைக்கும் முறையை 1971 ஆகஸ்டில் கொண்டுவந்திருந்தார்கள். அதை எதிர்த்துக் குடிமை உரிமைச் சங்கம் நடத்திய ஊர்வலம் அது. நகர மண்டபமான கில்ட்ஹாலுக்குப் போவது திட்டம். ராணுவம் தடுப்புப் போட்டது. பெரும்பாலோர் திரும்பிவிட்டார்கள். சில இளைஞர்கள் தடுப்பின் மேல் கல் எறிந்தார்கள். நான்கு மணிக்குச் சற்றுப் பிறகு பாராசூட் படைப்பிரிவின் வீரர்கள் போக்சைடு குடியிருப்புக்குள் புகுந்தார்கள். சுமார் 10 நிமிடம். நூறு குண்டுகளுக்கு மேல். 13 பேர் செத்தார்கள். அவர்களில் ஆறு பேருக்கு வயது 17. ஜாக்கி டடி என்ற பதினேழு வயதுப் பையனைச் சிலர் தூக்கிக்கொண்டு ஓட, எட்வர்ட் டேலி என்ற பாதிரியார் ரத்தம் தோய்ந்த வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டிக்கொண்டு குனிந்தபடி முன்னால் போகிறார். அந்தக் காட்சியைப் படம் பிடித்திருந்தார்கள், உலகம் முழுக்கப் போயிற்று. ஆறு பிள்ளைகளின் தகப்பனான பார்னி மக்கீகன், குண்டடிபட்டுக் கிடந்து கத்திய ஒருவருக்கு உதவ வெள்ளைத் துணியைக் காட்டிக்கொண்டே வெளியே வந்தார். தலையில் சுட்டார்கள்.

தங்களை நோக்கிச் சுட்டவர்களையும் குண்டு எறிந்தவர்களையும்தான் சுட்டோம் என்றது ராணுவம். இங்கிலாந்தின் தலைமை நீதிபதி விட்ஜரி விசாரித்து, அந்த ஏப்ரலிலேயே அறிக்கை கொடுத்துவிட்டார். சில வீரர்கள் பொறுப்பின்றிச் சுட்டார்கள் என்று லேசாகக் கடிந்துகொண்டு, ராணுவத்தின் கதையைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது அந்த அறிக்கை. செத்தவர்கள்மேல் துப்பாக்கிக்காரர், வெடிகுண்டுக்காரர் என்ற பழி ஒட்டிக்கொண்டது. அன்றைய செய்திக் குறிப்புகளிலிருந்து வந்த ‘கலவரத்தில் 13 பேர் பலி’ என்ற வாசகத்தை நம் பட்டியல்களில் நானே படித்திருக்கிறேன். படிக்கும்போதெல்லாம் மனம் கொதிக்கும்.

ஏனென்றால் கதை அங்கே முடியவில்லை. செத்தவர்களின் குடும்பங்கள் விடவில்லை. தாயும் தகப்பனும் செத்த பிறகு அண்ணன் தம்பிகளும் அக்கா தங்கைகளும் தொடர்ந்தார்கள். 1998-ல் புதிய விசாரணை அறிவிக்கப்பட்டது. சாவில் பிரபு தலைமையில் 900-க்கும் மேற்பட்ட சாட்சிகள் நேரில் வாக்குமூலம் தந்தார்கள். 19 கோடி பவுண்டுக்கு மேல் செலவானது. 2010 ஜூன் 15 அன்று அறிக்கை வெளியானது. சுடப்பட்டவர்களில் எவரும் வீரர்களின் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் நிலையில் இல்லை, எச்சரிக்கை கொடுக்காமலே சுட்டார்கள், பிறகு பல வீரர்கள் தெரிந்தே பொய் சாட்சி சொன்னார்கள் என்றது அது. பிரதமர் டேவிட் கேமரன் நாடாளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டார். அதைத் திரையில் பார்த்துக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் நின்ற இடம் கில்ட்ஹால் சதுக்கம், 1972-ல் ஊர்வலம் போய்ச் சேர முடியாத இடம். அங்கே விட்ஜரி அறிக்கையைக் கிழித்துப் போட்டார்கள்.

அதன் பிறகும் முடியவில்லை. பெயர் வெளியிடப்படாத ஒரு முன்னாள் வீரர்மீது இரண்டு கொலைகளுக்காக வழக்கு நடந்தது. 2025 அக்டோபரில் பெல்ஃபாஸ்ட் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அன்றைய சாவுகளுக்காக இதுவரை ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். போக்சைடில் உள்ள நினைவுத் தூணில் 14 பெயர்கள் இருக்கின்றன. அன்று குண்டடிபட்ட ஜான் ஜான்ஸ்டன் ஜூன் மாதம் இறந்தார். அவருடைய சாவுக்குக் காயங்கள் காரணமல்ல என்று சாவில் பிரபுவின் விசாரணை சொன்னது. ஆனாலும் ஊர் அவரைத் தன் கணக்கிலிருந்து எடுக்கவில்லை. 13 என்று எழுதினால் ‘அன்றே’ என்று சேருங்கள். 14 என்று எழுதினால் ஏன் என்று சொல்லுங்கள்.

உங்களுக்கு இடப் பஞ்சம் இருப்பது எனக்குத் தெரியும். நாள்தோறும் ஒரு பட்டியலை முடித்துக் கொடுக்க எவ்வளவு குறைந்த நேரம் கிடைக்கும் என்பதும் தெரியும். ஆகவே பத்து நிகழ்ச்சி வேண்டாம், மூன்று கொடுங்கள். அந்த மூன்றிலும் யார் யாரை என்ன செய்தார்கள் என்று நேராக எழுதுங்கள். அந்த நாள் தற்செயலா, தேர்ந்தெடுத்ததா என்று சொல்லுங்கள். பிறகு என்ன ஆயிற்று என்பதற்கு ஒரு வாக்கியம் ஒதுக்குங்கள். பிறந்த நாள், இறந்த நாள் வரிசையைக் குறைத்தாலே அதற்கு இடம் வந்துவிடும்.

வருகிற ஜனவரி 30-ல் பிரிட்டன் வரலாற்றுக்கென்று ஒரே ஒரு வரிதான் மிஞ்சுகிறது என்றால், இதைப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்: ‘1972: வட அயர்லாந்தின் டெர்ரியில் உரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களைப் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டது, அன்றே 13 பேர் இறந்தார்கள், அது நியாயமற்றது என்று பிரிட்டிஷ் அரசு 2010-ல்தான் ஒப்புக்கொண்டது.’

அன்புடன்,
உங்கள் பகுதியை நாள் தவறாமல் படிக்கும் வாசகன்